குடிநீரில் லித்தியமும் ஊர் மக்களின் மனநலமும்: புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது?

செட்டிநாட்டில் தண்ணீரை அது வந்த வழியைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். ஊருணித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர், காவிரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று ஒரே வீட்டின் அடுப்படியில் இரண்டு மூன்று வகை நீர் இருப்பது இன்று வியப்புக்குரியதன்று. பருப்பு வேகாவிட்டால் முதலில் குற்றம் சாட்டப்படுவது தண்ணீர்தான். அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் சரியானதும்கூட. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு எளிதில் மலராது. இந்த இரண்டும் லிட்டருக்குப் பத்து, நூறு மில்லிகிராம் என்ற அளவில் கரைந்திருப்பவை. ஆகவே நாக்கும் பாத்திரமும் அவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இக்கட்டுரை பேசப்போவது நாக்குக்குத் தட்டுப்படாத வேறொரு கூட்டத்தைப் பற்றி. அயோடின், மாங்கனீசு, ஆர்சனிக், லித்தியம் போன்ற தனிமங்கள் குடிநீரில் பெரும்பாலும் மைக்ரோகிராம் கணக்கில் இருப்பவை. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே மைக்ரோகிராம். இவற்றை நுண்தனிமங்கள் என்கிறோம். இவ்வளவு சிறிய அளவு ஒரு மாவட்டத்து மக்களின் மனநிலையை மாற்றுமா என்ற கேள்வி ஏறத்தாழ 50 ஆண்டுகளாக ஆய்வாளர்களிடையே உலவி வருகிறது. அதில் அதிகம் பேசப்படுவது லித்தியம். குடிநீரில் லித்தியம் கூடுதலாக உள்ள இடங்களில் தற்கொலை குறைவு என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களிலும் புலனக் குழுக்களிலும் வலம் வருகிறது. செய்தி முழுப் பொய்யன்று. ஆனால் அதைக் கேட்பவர் உடனே எடுத்துக்கொள்ளும் பொருளும், அந்த ஆய்வுகள் உண்மையில் சொல்லும் பொருளும் வேறு வேறானவை. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், உடல்நலம் பற்றி வரும் இத்தகைய செய்திகளில் பாதியை நாமே எடை போட்டுவிடலாம்.

முதலில், லித்தியம் தண்ணீருக்குள் எப்படி வருகிறது என்று பார்ப்போம். அது பாறையிலிருந்து வருவது. கருங்கல் வகைப் பாறைகளிலும் அவற்றிலுள்ள சில அப்பிரகக் கனிமங்களிலும் லித்தியம் உண்டு. நிலத்தடி நீர் அவற்றோடு நெடுங்காலம் உறவாடும்போது சிறிது சிறிதாகக் கரைகிறது. மழைநீரில் அது இல்லையென்றே சொல்லலாம். வறண்ட நிலப்பகுதிகளிலும், வெந்நீர் ஊற்றுகள், உப்பு ஏரிகள் உள்ள இடங்களிலும் அளவு மிகும். அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலுள்ள சான் அன்டோனியோ தெ லோஸ் கோப்ரெஸ் என்ற ஊரின் குடிநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1000 மைக்ரோகிராம் இருந்திருக்கிறது. உலகின் பெரும்பாலான ஊர்களில் அது ஒற்றை இலக்கத்திலோ சில பத்துகளிலோ நின்றுவிடும். இந்தியக் குடிநீருக்கான தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்று வரையறுக்கிறது; லித்தியத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

லித்தியத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு தண்ணீரிலிருந்து தொடங்கவில்லை. 1949-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், கட்டுக்கடங்காத மனவெழுச்சி நோயில் தவித்த பத்துப் பேருக்கு லித்தியம் உப்புகளைக் கொடுத்து, அவர்கள் அமைதியடைந்ததை எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ அதை முறையான சோதனையில் உறுதிப்படுத்தினார். மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு இன்றும் அது முதன்மையான மருந்துகளில் ஒன்று. அந்நோயாளிகளிடையே தற்கொலைகள் குறைவதோடு அது தொடர்புடையது என்பதும் பல ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கேட் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1949-இல் அமெரிக்காவில் லித்தியத்துக்குப் பெரும் கெட்ட பெயர் ஏற்பட்டது. இதய நோயாளிகளுக்குச் சோற்றுப்பிற்கு மாற்றாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். சிலர் இறந்துபோனதால் அதைச் சந்தையிலிருந்து விலக்க நேர்ந்தது. அதற்குச் சற்று முன்புவரை செவன் அப் பானத்திலும் லித்தியம் சிட்ரேட் சேர்க்கப்பட்டு வந்தது.

மருந்தாகப் பயன்படுகிறது என்ற இந்த உண்மைதான் குடிநீர்ச் செய்திக்கு வலுவூட்டுகிறது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் லித்தியம் உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். அந்த நீரில் ஒரு கிராம் லித்தியம் சேர ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிப்பவர் ஒரு லட்சம் லிட்டரைக் குடித்து முடிக்க 91 ஆண்டுகள் ஆகும். மாறாக, 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் சுமார் 56 மில்லிகிராம் லித்தியம் இருக்கிறது. நாளைக்கு மூன்று மாத்திரை சாப்பிடும் நோயாளி ஆறே நாளில் அந்த ஒரு கிராமை உட்கொண்டுவிடுகிறார். நிறைவாழ்வு வாழ்ந்த ஒருவரின் ஆயுட்காலத் தண்ணீரும் ஒரு வாரத்துக்குக் குறைந்த மருந்தும் ஒன்று. மருந்து அளவில் லித்தியம் மூளையணுக்களில் சில நொதிகளைத் தடுக்கிறது என்பது தெரிந்ததே. அதே செயல் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவிலும் நடக்கும் என்று அதிலிருந்து தானாக முடிவு கட்டிவிட முடியாது. நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் மருந்து சில ஆண்டுகளுக்கு, தண்ணீர் வாழ்நாள் முழுமைக்கும். ஆகவே அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

அளந்து பார்த்தவர்களில் பலரும் குறிப்பிடுவது டெக்சஸ் ஆய்வை. ஷ்ராவ்சர், ஷ்ரேஷ்டா என்ற இருவர் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில் டெக்சஸ் மாநிலத்தின் 27 மாவட்டங்களை, 1978 முதல் 1987 வரையிலான பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். லிட்டருக்கு 70 முதல் 170 மைக்ரோகிராம் வரை லித்தியம் இருந்த மாவட்டங்களில், லித்தியம் மிகக் குறைவாக இருந்தவற்றைவிடத் தற்கொலையும் கொலையும் பாலியல் வன்குற்றமும் குறைவாக இருந்தன. 2009-இல் ஜப்பானின் ஓயிட்டா மாநிலத்தில் 18 ஊராட்சிப் பகுதிகளின் நீரை அளந்தபோது லித்தியம் 0.7 முதல் 59 மைக்ரோகிராம் வரை வேறுபட்டது. அங்கும் லித்தியம் கூடிய இடத்தில் தற்கொலை வீதம் குறைந்திருந்தது. 2011-இல் ஆஸ்திரியாவில் 99 மாவட்டங்களின் 6,460 நீர் அளவீடுகளைத் திரட்டி, வருமானம், மக்கள் நெருக்கம், மனநல மருத்துவ வசதி, மதம் ஆகியவற்றின் வேறுபாட்டையும் கணக்கில் கழித்த பின்னும் அதே போக்கு தெரிந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் 47 உட்பிரிவுகளை ஆராய்ந்தவர்கள் எந்தத் தொடர்பையும் காணவில்லை. 2020-இல் இத்தகைய 15 ஆய்வுகளை, 1,286 பகுதிகளை உள்ளடக்கியவற்றை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது மொத்தச் சாய்வு லித்தியத்துக்கு ஆதரவாகவே இருந்தது.

பெரும்பாலானவை ஒரே திசையில் நிற்கும்போது இன்னும் என்ன தயக்கம் என்று வாசகர் கேட்கலாம். தயக்கம் எண்களைப் பற்றியதன்று. அந்த எண்கள் யாருடையவை என்பதைப் பற்றியது. மேற்சொன்ன ஆய்வுகளில் ஒரு தனி மனிதரின் தண்ணீரும் அளக்கப்படவில்லை, அவருடைய மனநிலையும் கேட்கப்படவில்லை. ஒரு பக்கம் மாவட்டத்து நீரின் சராசரி, மறுபக்கம் மாவட்டத்து இறப்பு வீதம். இரண்டையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டு, புள்ளிகள் சரிந்து செல்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இடம், ஓர் ஆளன்று. இதைத் தொகுதி ஆய்வு என்று கொள்ளலாம். இடங்களைப் பற்றிய உண்மையை அதில் வாழும் ஆட்களின் மேல் அப்படியே ஏற்றிவிடுவதுதான் இதில் நேரும் பிழை.

பிழை எப்படி நேர்கிறது என்பதைக் கற்பனையான இரண்டு ஊர்களை வைத்துப் பார்ப்போம். முதல் ஊரில் பாதிப்பேர் போர்த் தண்ணீரும் பாதிப்பேர் காவிரித் தண்ணீரும் குடிக்கிறார்கள்; இரண்டாம் ஊரில் எல்லோருக்கும் காவிரிதான். முதல் ஊரில் தற்கொலை குறைவு என்று பதிவேடு காட்டுகிறது. போர்த் தண்ணீரின் கனிமம் காத்தது என்று முடிவு செய்யலாமா? முதல் ஊரில் நேர்ந்த சில இறப்புகளும் போர்த் தண்ணீர் குடித்த வீடுகளிலேயே நேர்ந்திருக்கலாம். ஊர்ச் சராசரி அதை ஒருபோதும் காட்டாது. 1950-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை மெய்யான கணக்கிலேயே காட்டினார். 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதல். ஆனால் ஆள் வாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கே எழுத்தறிவு குறைவு. வந்தவர்கள் பிழைப்பு நாடி எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறினார்கள் என்பதே விளக்கம். மாநிலக் கணக்கை மட்டும் பார்த்தவர் நேர் எதிரான முடிவுக்கு வந்திருப்பார்.

இரண்டாவது சிக்கல், நீரோடு சேர்ந்தே மாறும் மற்றவை. ஆழமான நிலத்தடி நீரைக் குடிக்கும் பகுதிகள் பெரும்பாலும் நகரத்துக் குழாய் எட்டாத பகுதிகள். அங்கே தொழில் வேறு, குடும்ப அமைப்பு வேறு, மருத்துவமனைக்கான தொலைவு வேறு. தற்கொலை வீதத்தைப் பொறுத்தவரை இவற்றின் கனம் சிறியதன்று. இலங்கை கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995-க்கும் 2015-க்கும் இடையில் அந்நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. வீட்டுக் கொட்டகையில் என்ன புட்டி இருக்கிறது என்பது அத்தனை பெரிய காரணி. அதைக் கணக்கில் சேர்க்காமல் நெல் விளையும் வட்டாரங்களையும் நகரங்களையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தண்ணீரிலுள்ள சில மைக்ரோகிராமின் கணக்கில் எழுதுவது துணிச்சல் என்றுதான் நான் கருதுகிறேன்.

மூன்றாவது, இறப்புப் பதிவு. நம் நாட்டில் தற்கொலை முயற்சி நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அந்தப் பிடியைத் தளர்த்தியது. காவல் நிலையத்துக்கும் ஊர்ப் பேச்சுக்கும் அஞ்சி 'வயிற்று வலி' என்றும் 'தவறி விழுந்தார்' என்றும் எழுதப்பட்ட இறப்புகள் எல்லா ஊரிலும் உண்டு. 2010-ஆம் ஆண்டுக்கு அரசின் குற்றப் பதிவேட்டுக் கணக்கு சுமார் 1,34,000 தற்கொலைகளைக் காட்ட, வீடு வீடாக விசாரித்துச் செய்த மதிப்பீடு சுமார் 1,87,000 என்றது. மறைப்பு எல்லா மாவட்டத்திலும் ஒரே அளவில் இருந்தால் ஒப்பீடு கெடாது; அப்படி இருப்பதில்லை.

இந்தச் சிக்கல்களில் முதலாவதைத் தாண்டிச் சென்ற ஆய்வு டென்மார்க்கிலிருந்து வந்தது. அந்நாட்டில் ஒவ்வொருவரின் முகவரி மாற்றமும் இறப்பும் நோயும் ஒரே எண்ணோடு பதிவாகின்றன. குடிநீர் கிட்டத்தட்ட முழுதும் நிலத்தடி நீர். 2017-இல் வெளியான அந்த ஆய்வில், 37 லட்சம் பெரியவர்கள் 22 ஆண்டுகளில் எந்தெந்த முகவரியில் வாழ்ந்தார்கள், அங்கே நீரில் லித்தியம் எவ்வளவு என்று ஆள் வாரியாகக் கணக்கிட்டார்கள். லித்தியத்துக்கும் தற்கொலைக்கும் தொடர்பு தென்படவில்லை. அங்கே அளவு 31 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை. ஆகவே டெக்சஸின் உயர்ந்த அளவுகளைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லாது. ஆனாலும் ஓயிட்டாவிலும் ஆஸ்திரியாவிலும் பேசப்பட்ட அளவுகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்குபவைதாம். என் பார்வையில் பதினைந்து தொகுதி ஆய்வுகளைவிட இந்த ஒன்றுக்கு எடை கூடுதல்.

செட்டிநாட்டில் இப்படியோர் ஆய்வு செய்ய முனைபவர் எதை அளப்பார் என்று எண்ணிப் பார்த்தால் இடர்ப்பாடு நன்கு விளங்கும். இங்கே மழைநீரைச் சேர்ப்பதில் பழைய வீடுகளுக்கு ஒரு தனிக் கலையே இருந்தது. நாற்புறமும் ஓட்டுச் சரிவிலிருந்து வளவின் முற்றத்தில் விழும் நீரை அண்டாவிலும் தவலையிலும் பிடிப்பார்கள். தெருவில் ஓடும் நீர் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். இவையெல்லாம் மழைநீர், லித்தியம் ஏறாத நீர். காரைக்குடிக்காரர்கள் பெருமையோடு சொல்லும் சம்பை ஊற்று நிலத்தடி நீர். திருமயம் பக்கம் கரும்பாறை, காரைக்குடியைச் சுற்றிச் செம்புறாங்கல் என்று மண் மாற மாறக் கிணற்று நீரின் குணமும் மாறும். பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன; 2009-இல் இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியைச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. இப்போது ஆர்.ஓ. இயந்திரமும் கேனும். ஆர்.ஓ. சவ்வு கரைந்த உப்புகளை எல்லாம் பெருமளவு நீக்கும்போது லித்தியத்தையும் நீக்கிவிடுகிறது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு வீட்டாரின் உடலுக்குள் போகும் அளவே ஒன்றாக இராது. ஊராட்சிக் குழாயில் ஒரு புட்டி பிடித்துச் சோதித்தால் அது யாருடைய தண்ணீர்? இதோடு, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போய், பர்மாவிலும் மலாயாவிலும் பாதி வாழ்நாளைக் கழித்தவர்களின் ஊர் இது; இன்றும் பூட்டிய வீடுகளின் உரிமையாளர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். குடித்த இடம் ஒன்று, இறப்பு பதிவான இடம் வேறொன்று. லித்தியம் என்றதும் காரைக்குடியில் எல்லோருக்கும் நினைவு வருவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் மின்கல ஆராய்ச்சிதான். அளக்கும் கருவியும் ஆளும் இவ்வூருக்குப் புதிதல்ல. கடினம் வேதியியலில் இல்லை, யார் எதைக் குடித்தார் என்பதில் இருக்கிறது.

நுண்தனிமம் எதுவுமே மக்கள் மனத்தைத் தொடாது என்று இதிலிருந்து எண்ணிவிடக் கூடாது. அயோடின் தொடும், அது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்த இமயமலை அடிவாரத்தில் கழுத்துக் கழலையும், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் மிகுதியாக இருந்தனர். 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் உடன் பணியாற்றியவர்களும், பள்ளத்தாக்கை மண்டலங்களாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் வழங்கினார்கள். அயோடின் உப்பு போன மண்டலங்களில் கழலை குறைந்தது. கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காத இடத்தோடு ஒப்பிட்டார்கள். இடங்களைப் பற்றிய ஒரு கணக்கு காரணமாக மாறும் இடம் அதுதான். ஆர்சனிக், மாங்கனீசு, அளவு மீறிய ஃபுளோரைடு ஆகியவை குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைப்பதோடு தொடர்புடையவை என்பதற்கும் சான்றுகள் சேர்ந்து வருகின்றன. அவற்றில் கவலை மிகையைப் பற்றியது. லித்தியத்தில் பேச்சு குறையைப் பற்றியது.

லித்தியத்தை நுண்ணளவில் கொடுத்துப் பார்த்த முயற்சி மிகச் சிறியது. 1994-இல், போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட 24 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில், சிலருக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் லித்தியம் நான்கு வாரம் கொடுத்தபோது அவர்களின் மனநிலை மதிப்பெண் உயர்ந்தது. 24 பேரை வைத்து ஒரு மாநிலத்துக் குடிநீரில் எதையும் கலக்க முடியாது. மருந்து அளவிலேயே ஏமாற்றம் நேர்ந்ததுண்டு: தற்கொலைக்கு முயன்ற வரலாறு போன்ற ஆபத்து மிகுந்த அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 519 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு லித்தியம் சேர்த்தது கூடுதல் பயன் தரவில்லை, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று அதை இடையிலேயே நிறுத்தினார்கள்.

குடிநீரில் கலக்கலாமே என்று ஆர்வத்தோடு எழுதுபவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அர்ஜென்டினா ஊரில் லித்தியம் மிகுதியாக உட்கொண்ட பெண்களின் தைராய்டு சுரப்பில் மாற்றம் காணப்பட்டது. டென்மார்க்கிலேயே, நீரில் லித்தியம் மிகுந்த முகவரிகளில் கருவுற்றிருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆட்டிசம் கண்டறியப்படும் வாய்ப்பு, மிகக் குறைந்த பிரிவினரைவிட 46 விழுக்காடு கூடுதல் என்று 2023-இல் ஓர் ஆய்வு கூறியது. அதே நாட்டில் 2017-இல் வந்த மற்றோர் ஆய்வு, 15 மைக்ரோகிராமுக்கு மேல் மறதிநோய் குறைவாகவும், 5 முதல் 10 வரையிலான இடைநிலை அளவில் அதிகமாகவும் இருந்ததாகக் காட்டியது. கூடினால் நன்மை, இடையில் தீமை என்ற இந்த வளைவு உயிரியலைவிட ஊர் வேறுபாடுகளின் கைவரிசையோ என்று ஐயுறச் செய்கிறது. நன்மை சொல்லும் ஆய்வுக்கு நாம் கேட்கும் கேள்விகளையே தீமை சொல்லும் ஆய்வுக்கும் கேட்பதுதான் நேர்மை.

ஆகவே வீட்டளவில் லித்தியத்துக்காகத் தண்ணீரை மாற்ற வேண்டியதில்லை. இணையத்தில் விற்கும் லித்தியம் துணைமாத்திரைகளையும் வாங்க வேண்டியதில்லை. தூக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருபவருக்கு உதவி மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்து லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் தண்ணீர் வேறொரு வகையில் முக்கியமானது. இரத்தத்தில் மருந்தின் பயனளவுக்கும் நச்சளவுக்கும் இடையே உள்ள தூரம் குறுகியது. கத்திரி வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலோ, வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலோ, உணவில் உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளையோ சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளையோ சேர்த்துக்கொண்டாலோ அந்த அளவு ஏறிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, பேச்சுக் குழறல் தென்பட்டால் காத்திராமல் மருத்துவரிடம் சென்று, லித்தியம் எடுத்துக்கொள்வதைச் சொல்லி, இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.